கங்கு என்பது பெயர்

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் யாரும் கதவை அறைந்து சாத்த மாட்டார்கள். சாத்தினாலும் கேட்க ஆளில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் எங்கள் வீட்டுச் சண்டையே வேறு மாதிரி. அம்மா இரண்டு கையாலும் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுவாள். அப்பா பதில் சொல்லக் கையைத் தூக்கும் நேரம் பார்த்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அதற்கு மேல் மனுஷன் சுவரோடுதான் பேச வேண்டும். அப்பா தூக்கிய கையைக் கீழே போடவும் முடியாமல், அம்மா எப்போது கண்ணைத் திறப்பாள் என்று எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். அம்மாவுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. பிள்ளைகள் நாங்கள் அப்படிச் செய்தால் முதுகில் விழும். எவ்வளவு கோபம் இருந்தாலும் எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் சொல்லப்போவது என் அக்காவைப் பற்றி. எனக்கும் அவளுக்கும் காது நன்றாகவே கேட்கும். எனக்கு வாயும் கொஞ்சம் கூடுதல். அவள் நேர் எதிர். ஒரு வார்த்தையை வெளியே விடுவதற்கு முன்னால், அரிசியில் கல் பார்க்கிற மாதிரி பார்த்துத்தான் விடுவாள். அவளுக்குப் போய் அப்பா வைத்த பெயர் "வாய்".

காது கேளாதவர்களுக்குக் காகிதத்தில் இருக்கிற பெயரால் பிரயோஜனம் இல்லை. கூப்பிட்டால் கேட்காத பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் ஒருவருக்கொருவர் கையால் ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். வைத்தால் வைத்ததுதான், சாகும்வரை மாறாது. நான் பிறந்ததும் மூக்கைச் சுளித்தேனாம். ஆகவே மூக்கைச் சுளித்துக் காட்டினால் அது நான். என்னைப் பெண் பார்க்க வருகிற அன்றைக்காவது வேறு பெயரால் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன், நடக்கவில்லை. அப்பா மர மில்லில் ரம்பத்துக்கு வலது ஆள்காட்டி விரலில் பாதியைக் கொடுத்தவர். அவர் பெயர் "அரைவிரல்". அந்தப் பாதி இல்லாததால் அவர் கைப்பேச்சில் ஒரு மழலை உண்டு, வெளியாட்களுக்குச் சரியாகப் புரியாது. அக்காவின் பெயரைச் சொல்ல, விரல்களைக் குருவியின் அலகு மாதிரிக் குவித்து, திறந்து திறந்து மூட வேண்டும். பால் பல் விழுவதற்கு முன்பே கடையில், ஆஸ்பத்திரியில், வாடகை வீட்டுக்காரரிடம் அவர்கள் இருவருக்கும் வாயாக நின்றவள் அவள். பெயர் பொருத்தம்தான்.

அவளுடைய வாய்க்கு அப்பா போட்ட பூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடையில் அப்பா புதிதாக ஒரு மின்விசிறி வாங்கி வந்தார். வந்த அன்றே படுத்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம், கடைக்காரரின் பரம்பரையையே இழுத்துக் கையால் ஒரு வசவு விட்டார். அக்கா சின்னப் பெண், பயந்துவிட்டாள். "அப்பா கொஞ்சம் பாத்து செய்யச் சொல்றார்" என்று மட்டும் சொன்னாள். கடைக்காரர் மனம் இளகி, சிரித்துக்கொண்டே வேறு மின்விசிறி எடுத்துக் கொடுத்தார். பாதித் தெரு வந்த பிறகு அப்பா நின்றார். மின்விசிறியைக் கீழே வைத்தார். நான் திட்டியதற்கு அவன் ஏன் சிரித்தான் என்று கேட்டார். அக்கா விழித்தாள். அப்பா அவளைத் திரும்பக் கடைக்குக் கூட்டிப்போய், தான் சொன்னதை ஒன்று விடாமல் சொல்ல வைத்தார். கடைக்காரர் முகம் சிவந்து மின்விசிறியைப் பிடுங்கிக்கொண்டதும்தான் அப்பாவுக்குத் திருப்தி. அந்தக் கோடை முழுக்க நாங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு தூங்கினோம்.

அன்றைக்கு அப்பா அக்காவிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கை சொன்னதைத்தான் வாய் சொல்ல வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்னிடம் இருப்பது என் வார்த்தை ஒன்றுதான், அதிலும் நீ கை வைத்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். நான் அந்த மின்விசிறியை நினைத்து அழுதேன். அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

பிடித்துக்கொண்டே படித்தாள், பரீட்சை எழுதினாள், நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளராகப் பதிவு பெற்றாள். காது கேளாத யாராவது வழக்கில் மாட்டினால், சாட்சி சொல்ல வந்தால், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அக்காதான் பக்கத்தில் நிற்பாள். வக்கீல்கள் அவளைப் பாறாங்கல் என்பார்கள். எந்தப் பக்கமும் சாய மாட்டாள் என்று பாராட்டுகிறார்களாம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், வீட்டில் இரண்டு பேருக்கு வாயாக இருக்கிறேன், மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது என்பாள். அம்மா இறந்த பிறகும் அதையே சொன்னாள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சிநேகிதர். மர மில்லுக்கு எதிரே, கால்வாய் ஓரம் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர். அவருக்கும் காது கேட்காது. பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை, எழுதத் தெரியாது. அணைந்துபோன மாதிரி இருக்கும் கரித்துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதுவார், அது சிவந்து கண்ணைத் திறக்கும், சட்டென்று பெட்டிக்குள் போட்டுவிடுவார். சுடாதா என்று கேட்டால் சிரிப்பார். அதனால் அவர் பெயர் "கங்கு". உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து உஃப் என்று ஊதினால் அவர். அவருடைய காகிதப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கே அதை எழுதிக் காட்டினால் அடையாளம் தெரியாது. சாயங்காலமானால் அவரும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டு பேசுவார்கள். பேச ஆளுக்கு இரண்டு கையும் வேண்டுமே, டீ எப்படிக் குடிப்பது?

கால்வாய் ஓரத்தில் அகலச் சாலை வருகிறது, கடைகளையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்களாம். கங்குவுக்கு ஒலிபெருக்கி கேட்குமா? இடிக்கும் இயந்திரம் வந்து நின்ற அன்று எல்லோரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கத்தி ஓட, இவர் தேய்த்த துணிகளை அடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். கூட்டத்தில் யாரோ இயந்திரத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். அதன் ஓட்டுநருக்கு முகமெல்லாம் வெந்துபோயிற்று. ஊரே பரபரத்தது, மேலிடத்திலிருந்து உடனே ஆள் வேண்டும் என்று நெருக்கினார்கள். எரிகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் கரிப்பெட்டியோடு நின்ற ஒரே ஆள் கங்கு. பிடித்துக்கொண்டு போனார்கள்.

காவல் நிலையத்தில் அவரை விசாரித்ததைப் படம் பிடித்திருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டதே அதற்கு மறுநாள்தான். அந்தப் படத்தில், ஒரு காவலர் எரிந்த இயந்திரத்தின் போட்டோவைக் காட்டி, கையை மலர்த்தி "யார்?" என்று கேட்கிறார். கங்குவுக்கு ஆபீஸ் என்றால் ஒன்றுதான் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையை மலர்த்தினால் பெயர் கேட்கிறார் என்று அர்த்தம். அவரிடம் எந்த ஆபீசிலும் யாரும் வேறு எதுவும் கேட்டதில்லை. அவர் மரியாதையாக நிமிர்ந்து, உள்ளங்கையை ஊதி, நெஞ்சைத் தொட்டார். காவலர் போட்டோவைத் தட்டித் திரும்பக் கேட்டார். இவரும் திரும்ப ஊதி, நெஞ்சைத் தொட்டார். கேட்கக் கேட்கச் சொன்னார். தன் பெயரை இத்தனை பேர் இத்தனை அக்கறையாகக் கேட்கிறார்களே என்று கடைசியில் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு சிரிப்பு வேறு என்று மறுநாள் செய்தியில் போட்டார்கள்.

அக்கா படத்தைப் பார்த்தாள். விசாரணை அதிகாரி மெதுவாகப் பேசுகிற ஆள், தானே நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாராம். அவன் என்னம்மா சொல்கிறான் என்று கேட்டிருக்கிறார்.

"நான் கங்குன்னு சொல்றார். அது அவர் பேர்."

"கங்குன்னா நெருப்புதானே?"

"பேர் சார்."

"வாக்கியம் அரைகுறையா இருக்கும்மா. நடுவுல 'வெச்சது'ன்னு ஒரு வார்த்தை போட்டா சரியா வந்துடும். நெருப்பு வெச்சது நான். ஒரே வார்த்தை."

"முழுசா இருக்கு சார். நான் டெய்லர், நான் டிரைவர்னு சொல்றதில்லையா? நான் கங்கு. அவ்வளவுதான் அவர் சொன்னது."

அதிகாரி கோபப்படவில்லை. உங்களை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை, நாட்டுக்கு ஒரு வார்த்தை உதவி செய்யச் சொல்கிறோம், யோசித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அக்கா யோசிக்கவெல்லாம் இல்லை. நீதிமன்றத்திலும் போய் அதையே சொன்னாள். கங்கு என்பது பெயர் என்றதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சட்டப் புத்தகத்தை விட்டு இம்மியும் நகராதவர். முதலில் அழைக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் எழுத்தில் உறுதி செய்யாமல் வெறும் கையசைவை வாக்குமூலமாக எடுக்க முடியாது என்றார். வேறு ஊரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஊர்ப் பெயர்கள் எனக்குத் தெரியாது என்று கழன்றுகொண்டார். ஆக, வழக்கு அக்காவின் ஒரு கையெழுத்தில் தொங்கியது. கங்கு சிறையில் கிடந்தார். வழக்கு நகரவும் இல்லை, அவரை விடவும் இல்லை.

அக்காவுக்குத் தடை வந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு எந்த அரசு வளாகத்திலும் அவள் மொழிபெயர்க்கக் கூடாது. நீதிமன்றம், காவல் நிலையம், அரசுப் பள்ளி, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் அதில் அடக்கம். எனக்கு எரிந்தது. ஊருக்கெல்லாம் வாயாக இருந்தாயே, உனக்காக ஒருத்தன் வாயைத் திறந்தானா என்று கேட்டேன். அவள் என் தையல் கடையில் வந்து உட்கார்ந்து பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். நன்றாகவே தைத்தாள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மர மில்லில் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி, அலகு போல விரலைத் திறந்து மூடி, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். "வாய்" என் மகள் என்று அர்த்தம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மரத்தூளையே சுவாசித்த நெஞ்சு, சளி கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. மூச்சு முட்டியதும் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம், வேறு எங்கே போக வசதி? தொற்று என்று தனி வார்டில் போட்டார்கள். உறவுக்காரர்கள் யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கலாம். தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள். நாங்கள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தபோது அப்பாவின் இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தது.

கையைச் சும்மா வைக்க மாட்டேன் என்கிறார், ஆட்டிக்கொண்டே இருக்கிறார், குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று நர்ஸ் சொன்னாள். நல்ல பெண்தான், அவளுக்கு என்ன தெரியும். அது ஆட்டம் இல்லை, பேச்சு என்று நான் கத்தினேன். வாயைக் கட்டிப் போட்டுவிட்டு மௌனமாக இருக்கிறார் என்று சொல்வீர்களா என்று கேட்டேன். டாக்டர் வந்தார். அவரும் கெட்டவர் இல்லை. கையை அவிழ்க்கலாம், ஆனால் அவருக்கு விளக்கிச் சொல்லப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவரை மட்டும்தான் உள்ளே விட முடியும், அதுதான் விதி என்றார். நான் மகளாக இருந்து பயனில்லை. அக்கா பதிவு பெற்றவளாக இருந்தும் பயனில்லை. யாரோ ஒரு பையனை அனுப்பினார்கள். சான்றிதழ் வைத்திருந்தான், உள்ளே போனான், அப்பாவின் ஒரு கையை அவிழ்த்துப் பார்த்தான். அரைவிரலின் மழலை அவனுக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். திரும்பக் கட்டிவிட்டார்கள்.

அப்பா எங்களைப் பார்த்தார். தலையைத் திருப்ப முடியவில்லை, கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து இருக்கிறோம், இருக்கிறோம் என்று கையால் சொன்னோம். நாங்கள் சொல்வது அவருக்குத் தெரியும். அவர் பதில்தான் கட்டிக் கிடந்தது.

அப்போதுதான் அந்த விசாரணை அதிகாரி வந்தார். அப்பாவின் உடம்பைப் பற்றி உண்மையான வருத்தத்தோடு விசாரித்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். படத்தை மறுபடி கவனமாகப் பார்த்ததில் அந்தச் சைகையின் பொருள் "நெருப்பு வைத்தது நான்" என்பதே, முன்னர் கூறியது என் தவறு என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் தடை இந்த நிமிஷமே போய்விடும், இங்கேயே போனில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கதவைத் திறந்து உள்ளே போகலாம் என்றார்.

அக்கா தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு ஒரு கையெழுத்து போடு அக்கா," என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு என் அப்பா வேண்டும். சட்டம், சத்தியம், கங்கு, எதுவும் எனக்கு அந்த நேரத்தில் அப்பாவைவிடப் பெரிதில்லை.

"அவர் வார்த்தைடீ அது," என்றாள் அக்கா. "என்னோடது இல்ல."

அப்போது நர்ஸ் உள்ளேயிருந்து டாக்டரைக் கூப்பிட்டாள். கை இழுக்கிறது, வலிப்பு மாதிரி இருக்கிறது என்றாள். பார்த்தோம். மணிக்கட்டு கட்டியபடியே கிடந்தது. விரல்கள் மட்டும் குவிந்து, திறந்து, மூடின. திறந்து, மூடின. போர்வையின் மேல், யாரும் பார்க்காத ஒரு குருவி கத்துகிற மாதிரி.

அது வலிப்பு இல்லை. அப்பா அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ தெரியாது. வாய், வாய், வாய் என்று.

அக்கா திரும்பி, தாளை வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை, உடனே போன் செய்தார். கதவு திறந்தது.

உள்ளே போய் அவள் கட்டை அவிழ்த்ததை நான் வெளியிலிருந்து பார்த்தேன். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி சிவப்பாகத் தடம் இருந்தது. அப்பா முதலில் அவள் முகத்தைத் தொட்டார். பிறகு முதுகு அரிக்கிறது என்றார். இத்தனை நாளாக அந்த மனுஷன் அதைத்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் கண்ணாடிக்கு வெளியே அழுதுகொண்டே சிரித்தேன். அக்கா முதுகைச் சொறிந்துவிட்டாள், குழாய் எதற்கு என்று விளக்கினாள், அவர் அதற்குப் பிறகு குழாய்ப் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. தேறினார். குழாயை எடுத்தார்கள். கஞ்சி குடித்தார். டாக்டர் என்னையும் சற்று நேரம் உள்ளே விட்டார். மூக்கைச் சுளித்து என்னைக் கூப்பிட்டு, கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அதட்டினார்.

அன்றுதான் அவர் அக்காவிடம், உன்னை எப்படி உள்ளே விட்டார்கள் என்று கேட்டார். தடை இருக்கிறதே?

அக்காவின் கை மடியிலேயே இருந்தது. அப்பா காத்திருந்தார். பிறகு உள்ளங்கையை ஊதிக் காட்டி, அவன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்டார்.

விட்டுவிட்டார்கள், என்றாள் அக்கா. கங்குவை விட்டுவிட்டார்கள், வழக்கு முடிந்துவிட்டது, அதனால் என் தடையும் போய்விட்டது. அவள் கை தடுமாறவில்லை. அத்தனை வருஷப் பழக்கம், அழகாகவே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவள் சிரித்திருக்கக் கூடாது. அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அன்றைக்குப் பாதித் தெருவில் மின்விசிறியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாரே, அதே பார்வை. ஆனால் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. திரும்பப் போய்ச் சொல் என்று கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. கையிரண்டையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா அவர் தோளைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். மூடிய கண்ணுக்கு முன்னால் கை உயர்த்தி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சளி மறுபடி ஏறிவிட்டது என்றார்கள். விடிவதற்குள் அப்பா போய்விட்டார், கண்ணைத் திறக்கவே இல்லை. மருந்து மயக்கம், அந்த மருந்துக்கு எல்லோரும் தூங்கித்தான் போவார்கள் என்று டாக்டரே சொன்னார். நான் அக்காவிடம் அதை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அசதியில் தூங்கினார், வேறொன்றும் இல்லை, நீ கற்பனை பண்ணிக்கொள்ளாதே என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அவள் தலையாட்டுவாள், பொத்தான் தைப்பாள். எங்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு, கண்ணை மூடுவதற்கும் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதா? ஆனாலும் அவளிடம் அதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஒரு வார்த்தையை வைத்து வழக்கு வேகமாக முடிந்தது. கங்குவுக்கு நீண்ட தண்டனை, வெளியே வரும்போது கிழவராகியிருப்பார். தீர்ப்பை அவருக்கு விளக்க அந்தச் சான்றிதழ்ப் பையனை அனுப்பினார்களாம். அக்காவுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. அவள் போகவில்லை. காது கேளாதவர்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எதிரில் பார்த்தால் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

கங்குவைப் பார்த்து எல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் கிளம்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கங்கு வந்தார். மெலிந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, விரலை அலகாக்கித் திறந்து மூடினார். என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அரைவிரல் எங்கே என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு அக்கா மற்றதையும் சொன்னாள். அவருடைய பெயருக்கு நடுவில் தான் என்ன வார்த்தையைப் போட்டாள் என்று காட்டினாள். அப்பாவிடம் என்ன சொன்னாள் என்பதையும் காட்டினாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடலாமா என்று நினைத்தேன்.

கங்கு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை, மூடவில்லை. அவள் முடித்த பிறகும் அப்படியே பார்த்தார்.

நேரம் முடிந்தது என்று புதிதாக வந்த காவலர் ஒருவர் அவர் தோளைத் தட்டினார். உள்ளே அனுப்பும் முன் ஆளைச் சரிபார்க்க, நீ யார் என்று கையை மலர்த்திக் கேட்டார். கங்குவின் உள்ளங்கை பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்தது. உதடு குவிந்தது. அங்கேயே நின்றது. அவர் அக்காவை ஒரு முறை பார்த்துவிட்டு, கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். காவலர் அவர் சட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து உள்ளே அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் நிறுத்தம் வரப்போகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"கங்குவும் கண்ண மூடியிருக்கலாம்டீ," என்றாள்.

இறங்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.